ஒன்பது வயதுப் பெண்ணுக்கு முதல் ஆர்பிஜி: போகிமானை எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். துபாயில் வேலை பார்க்கும் தம்பி லீவில் வரும்போது இவருடைய மகளுக்கு ஒரு நிண்டெண்டோ ஸ்விட்ச் வீடியோ கேம் கருவி வாங்கி வந்திருக்கிறார். மகளுக்கு 9 வயது. ஆர்பிஜி என்றால் என்னவென்றே வீட்டில் யாருக்கும் தெரியாது. (ஒரு பாத்திரமாகக் கதைக்குள் நடமாடி, சண்டையில் அனுபவம் சேர்த்துப் பலம் பெறுகிற வீடியோ கேம். போகிமானில் அப்படி அலைந்து விதவிதமான பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, மோதவிட வேண்டும்.) "புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு போகிமான்தான்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படி என்ன இருக்கு அதுல? சும்மா சின்னப் பிள்ளைங்க சமாச்சாரமா? வாங்குறதுன்னா இத்தனை பேர்ல எதை வாங்குறது?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 'லெட்ஸ் கோ பிகாச்சு' அல்லது 'லெட்ஸ் கோ ஈவி', இரண்டில் ஒன்றை வாங்குங்கள். அவசரம் என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்ற இரண்டு கேள்விகளுக்கும் கொஞ்சம் பழைய கதை சொல்லியாக வேண்டும்.

நான் புதுச்சேரி, முத்தியால்பேட்டை. எங்கள் பெரியப்பா சொல்தா. பாண்டிக்காரர்களுக்கு இந்த வார்த்தையை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஓய்வு பெற்று பாரீஸ் பக்கமே தங்கிவிட்டார். 2000-ம் ஆண்டு கோடை லீவுக்குக் குடும்பத்தோடு வந்தபோது, அண்ணன், அதாவது பெரியப்பா மகன், கையில் கேம் பாய் கலர் என்ற நிண்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்றை வைத்திருந்தான். அதில் போகிமான் சிவப்புக் கேசட். ஊருக்குத் திரும்பும்போது, "எனக்கு நீலம் இருக்கு, இது உனக்குடா. ஆனா எல்லாம் பிரெஞ்சுல இருக்கும், உனக்குப் புரியாது" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனான். எனக்கு அப்போது 10 வயது. பிரெஞ்சில் போன்ஷூர் தெரியும், மெர்சி தெரியும், அவ்வளவுதான்.

அந்த விளையாட்டை நான் ஆடி முடித்தேன். ஒரு வரி புரியாமல் ஒரு ஆர்பிஜியை ஒரு பையன் ஆடி முடிக்க முடிகிறது என்றால், அதைச் செய்தவர்கள் ஏதோ சரியாகச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அது என்ன என்பதைத்தான் இத்தனை வருஷமாக அவ்வப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

விளையாட்டின் ஆரம்பத்தில் உங்களுக்கு ஒரு வீடு, ஒரு தெரு. ஊரை விட்டு வெளியே காலெடுத்து வைத்தால் ஒரு பேராசிரியர் ஓடிவந்து தடுக்கிறார், கூட்டிக்கொண்டு போய் மூன்று பிராணிகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். ஒன்று செடி, ஒன்று நெருப்பு, ஒன்று தண்ணீர். ஆங்கிலத்தில் பல்பசார், சார்மாண்டர், ஸ்குவர்ட்டில். எனக்கோ புல்பிசார், சலமேஷ், கரப்யூஸ். (பின்னாளில் காலேஜில் எல்லோரும் சார்மாண்டர் என்று பேசிக்கொண்டபோது, யாரைச் சொல்கிறார்கள் என்று எனக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை.) நீங்கள் ஒன்றை எடுத்ததும், எதிரிப் பையன் உங்களுடையதை வெல்லக்கூடியதாகப் பார்த்து எடுத்துக்கொண்டு சண்டைக்கு நிற்கிறான். அந்த முதல் சண்டையில் தோற்றால் ஒன்றுமே ஆகாது. கதை பாட்டுக்கு நகர்கிறது.

அடுத்த சாலையில் புல்லுக்குள் ஒரு பறவை, ஒரு எலி, அவ்வளவுதான். அடுத்த ஊரில் ஒரு தாத்தா பந்து எறிந்து பிராணியைப் பிடித்துக் காட்டுகிறார். பிறகு ஒரு காடு, அது முழுக்கப் பூச்சிகள். ஒரு நேரத்தில் ஒரு புதிய விஷயம். அது கைக்குப் பழகும்வரை அடுத்தது வராது. தண்ணீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு செடியை எரிக்கும், செடி தண்ணீரை உறிஞ்சும். இதற்கு எந்தக் குழந்தைக்கும் அட்டவணை தேவையில்லை, அடுப்படியைப் பார்த்தவர்களுக்கே தெரியும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஆர்பிஜிகள் பல, கதவைத் திறக்கும் முன்பே பலம் எத்தனை, புத்தி எத்தனை, சாமர்த்தியம் எத்தனை என்று பத்து எண்களை நிரப்பச் சொல்லும். இங்கே அந்த எண்களெல்லாம் உண்டு, ஆனால் திரைக்குப் பின்னால்.

இது போகிமான்காரர்கள் மட்டும் கண்டுபிடித்தது அல்ல. 1986-ல் ஜப்பானில் வந்த டிராகன் குவெஸ்ட்தான் இந்த வழியைப் போட்டது. 'விசார்ட்ரி' மாதிரி கடினமான அமெரிக்க விளையாட்டுகளில் மனதைப் பறிகொடுத்தவர் அதை உருவாக்கிய யூஜி ஹோரி; அந்த ருசியைக் கம்ப்யூட்டரே தொடாதவர்களுக்கும் கொடுக்க நினைத்தார். விளையாட்டை ராஜாவின் அறைக்குள் ஆரம்பித்தார். பெட்டியைத் திறந்து சாவி எடுக்க வேண்டும், சாவியால் கதவைத் திறக்க வேண்டும், பிறகு படியில் இறங்க வேண்டும். அந்த அறையை விட்டு வெளியே வருவதற்குள் விளையாடுகிறவருக்கு மெனுவைக் கையாளத் தெரிந்திருக்கும். யாரும் பாடம் எடுக்கவில்லை. விசார்ட்ரியில் ஆள் செத்தால் ஒரேயடியாகப் போய்விடவும் வாய்ப்பு உண்டு. ஹோரி அதை மாற்றினார்: செத்தால் கையிலிருக்கும் காசில் பாதி போகும், சம்பாதித்த அனுபவம் போகாது. பத்து வருஷம் கழித்து வந்த போகிமான் இந்த 'பாதிக் காசு' ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டது.

அந்த ஏற்பாட்டின் அருமை எனக்குத் தெரிந்தது முதல் ஜிம்மில். ஜிம் என்றால் அங்கங்கே ஊர்களில் இருக்கும் சண்டைக்கூடம், அதன் தலைவனை வென்றாக வேண்டும். அங்கே இருப்பவன் கல் வகைப் பிராணிகளை வளர்க்கிறவன். ஆங்கிலத்தில் ப்ராக், பிரெஞ்சில் பியேர். பியேர் என்றாலே கல்தான். நான் எடுத்திருந்தது நெருப்புச் சலமேஷ். கல்லை நெருப்பால் என்ன செய்ய முடியும்? முதல் பிராணியைத் தட்டுத் தடுமாறி வீழ்த்துவேன், இரண்டாவதாக ஓனிக்ஸ் என்ற கல்பாம்பு வரும், செத்துப்போவேன். திரும்ப, திரும்ப, திரும்ப. ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த முதல் பிராணியை வென்றதற்கான அனுபவம் என் சலமேஷிடம் தங்கிவிட்டது. தோற்றவன் வெறுங்கையோடு திரும்பவில்லை. மருத்துவ மையத்தில் வைத்தியமும் இலவசம். நாலைந்து நாளில் என் பிராணி 16-ம் லெவலை எட்டி உருமாறியது, பியேரை முடித்தது.

இதில் ஒரு வேடிக்கை. பின்னாளில் எண்களை எடுத்துப் பார்த்தபோதுதான் என் முட்டாள்தனம் புரிந்தது. நான் நகத்தால் கீறும் அடியையே போட்டுக்கொண்டிருந்தேன். ஓனிக்ஸின் சாதாரணத் தற்காப்பு அடிப்படை எண் 160, மலை மாதிரி. ஆனால் நெருப்பு, தண்ணீர் போன்ற அடிகளைத் தாங்கும் எண் வெறும் 30. பாதி பலத்தோடு போகும் நெருப்பு அடிகூட நகக் கீறலைவிட எவ்வளவோ மேல். அந்தக் கணக்கு எனக்குத் தெரிந்திருந்தால் முதல் நாளே ஜெயித்திருப்பேன். தெரியாமலும் ஜெயித்தேன். கணக்குத் தெரிந்தவனுக்கு ஒரு வழி, தெரியாதவனுக்குப் பொறுமையால் ஒரு வழி, இரண்டும் ஒரே கதவில் போய் முடிகின்றன. போகிமான் எளிது என்று சொல்பவர்கள் சொல்ல வருவது இதைத்தான் என்று நினைக்கிறேன். எதிரி பலவீனமானவன் என்பதால் அது எளிதல்ல. தோல்வியின் விலை அங்கே குறைவு.

இடையில் நான் பிரெஞ்சும் கற்றுக்கொண்டேன். சரியான அடி விழுந்தால் திரையில் 'சே சூப்பர் எஃபிகாஸ்' என்று வரும். வீட்டில் அம்மா குழம்பு நன்றாக வைத்தால் அதைத்தான் சொல்வேன். அடுத்த முறை வந்த பெரியப்பா அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சரி, சின்னப் பிள்ளை சமாச்சாரமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஆமாம், சின்னப் பிள்ளைதான் இதற்கு மூலம். இதை உருவாக்கிய சதோஷி தஜிரி 1965-ல் பிறந்தவர், டோக்கியோவின் விளிம்பில் மச்சிதாவில் வளர்ந்தவர். சிறு வயதில் பூச்சி பிடிப்பதே வேலை. வளர வளர அந்தக் குளம் குட்டைகள் எல்லாம் கட்டடமாகிவிட்டன. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்தச் சந்தோஷம் கிடைக்கவில்லையே என்பதிலிருந்துதான் விளையாட்டு பிறந்தது. இதைப் படித்தபோது எனக்கு எதுவும் புதிதாகத் தெரியவில்லை. பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் வைத்துக் கொன்றை இலை போட்டு, முட்டை வைத்திருக்கிறதா என்று பள்ளிக்கூடத்தில் டெஸ்க்குக்குக் கீழே திறந்து பார்த்தவன் நான். "உன்னோடது பச்சை, என்னோடது தாமிரக் கலர், மாத்திக்கலாமா?" என்று பேரம் பேசியவர்கள்தான் நம்மில் பாதிப்பேர். அந்தத் தீப்பெட்டிதான் அவருடைய பந்து.

அந்த மாற்றிக்கொள்ளும் யோசனையில்தான் அவருடைய மேதைமை. இரண்டு கேம் பாய்களை ஒரு வயரால் இணைக்கலாம். மற்றவர்கள் அதைச் சண்டைக்கும் போட்டிக்கும் பயன்படுத்தியபோது, தஜிரிக்கு அந்த வயர் வழியாக ஒரு பூச்சி ஊர்ந்து போவது போலத் தெரிந்ததாம். இன்னொரு சம்பவமும் சொல்வார்கள். 1987-ல் வந்த இரண்டாம் டிராகன் குவெஸ்ட்டில் அரிதாகக் கிடைக்கும் ஒரு தொப்பி உண்டு. தஜிரிக்கு எவ்வளவு ஆடியும் கிடைக்கவில்லை. அவருடைய நண்பரும் பின்னாளில் போகிமான் படங்களை வரைந்தவருமான கென் சுகிமோரிக்கு இரண்டு கிடைத்திருந்தது. ஒன்றை இப்படித் தள்ளிவிட முடிந்தால் எப்படி இருக்கும்! 1990-ல் ஆரம்பித்த வேலை முடிய 6 வருஷம் ஆனது. 1996 பிப்ரவரி 27-ல் ஜப்பானில் சிவப்பும் பச்சையும் வெளிவந்தபோது, கேம் பாய் என்ற கருவிக்கே வயசாகியிருந்தது.

(ஜப்பானுக்கு வெளியே அவை சிவப்பு, நீலம் என்று வந்தன.) ஏன் இரண்டு கேசட்? ஒரே விளையாட்டுதான், ஆனால் சில பிராணிகள் இதில் கிடைக்கும், அதில் கிடைக்காது. எகான்ஸ் என்ற பாம்பு சிவப்பில் உண்டு, நீலத்தில் இல்லை. சாண்ட்ஷ்ரூ நீலத்தில் உண்டு, சிவப்பில் இல்லை. ஆரம்பத்தில் கிடைக்கும் மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். இதற்கும் மேலே, நாலு பிராணிகள் வேறொருவருக்குக் கொடுத்தால்தான் கடைசி உருவத்துக்கு மாறும். தனி ஆளாக எவ்வளவு ஆடினாலும் முழுத் தொகுப்பும் கையில் சேராது. இது காசு பறிக்கும் தந்திரம் என்று சொல்பவர்கள் உண்டு, அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு.

எனக்கு அதனால் வந்த கஷ்டம் வேறு. பாண்டியில் எனக்குத் தெரிந்து கேம் பாய் வைத்திருந்த இன்னொரு பையன் கிடையாது. நான் பிடித்த கடாப்ரா அந்த நாலில் ஒன்று. இரண்டு வருஷம் அது கடாப்ராவாகவே இருந்தது. 2002-ல் அண்ணன் மறுபடி வந்தான். தாடி முளைக்க ஆரம்பித்திருந்தது, போகிமானெல்லாம் சின்னப் பசங்களுக்கு என்று சொல்லிக்கொண்டான், ஆனால் பையில் வயரை மறக்காமல் எடுத்து வந்திருந்தான். பீச் ரோட்டில் காந்தி சிலைக்குப் பக்கத்துச் சுவரில் உட்கார்ந்து, வெயிலில் திரையே தெரியாமல், துண்டை இரண்டு பேர் தலையிலும் போட்டுக்கொண்டு மாற்றினோம். கடாப்ரா அவனிடம் போய் அலகசாம் ஆனது. திருப்பி அனுப்பினான். இத்தனை நாளும் மொழி தெரியாமலே வந்துவிட்ட எனக்கு, இந்த ஒன்றுக்கு மட்டும் ஒரு ஆள் தேவைப்பட்டது.

அப்புறம் வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லாமே உங்கள் மகளுக்குத் தேவையில்லை. 1999-ல் தங்கம், வெள்ளி: கடிகாரம் வந்தது, ராத்திரி ஆனால் விளையாட்டிலும் ராத்திரி, புதுக் கதையை முடித்தால் பழைய விளையாட்டின் நாடே பின்னால் காத்திருந்தது. முழுத் தொடரிலும் எனக்குப் பிடித்தது இதுதான். 2002-ல் ரூபி, சஃபையர். 2004-ல் முதல் விளையாட்டைப் புதுப்பித்து ஃபயர்ரெட், லீஃப்கிரீன் வந்தன. காலேஜ் ஹாஸ்டல் கம்ப்யூட்டர்களிலும் பிறகு போன்களிலும் நம் ஊர்ப் பிள்ளைகள் எமுலேட்டர் (பழைய கருவி மாதிரியே நடிக்கும் மென்பொருள்) போட்டு ஆடியது இந்தக் காலத்து விளையாட்டுகளைத்தான். ஃபயர்ரெட்டில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள்: சில நாள் விட்டுத் திரும்ப வந்தால், கடைசியாக நீங்கள் செய்தது என்ன என்று சின்னச் சின்னக் காட்சியாக ஓட்டிக் காட்டும். பரீட்சை முடிந்து வரும் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்! அதை ஏன் எல்லா விளையாட்டிலும் வைக்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

2013-ல் வந்த எக்ஸ், ஒய் இரண்டும் நடக்கும் நாடு பிரான்ஸை வைத்துச் செய்தது. நடுவில் பாரீஸ் மாதிரி ஒரு நகரம், ஐஃபல் கோபுரம் மாதிரி ஒரு கோபுரம். அண்ணனுக்கு போன் செய்து உங்கள் ஊரில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்றேன். ஆனால் தொடர் வழி மாறியதும் அங்கேதான். சண்டையில் கலந்துகொள்ளாத பிராணிகளுக்கும் அனுபவத்தைப் பகிர்ந்து தரும் வசதி விளையாட்டின் ஆரம்பத்திலேயே கையில் வந்துவிடும். நிறுத்தி வைக்கலாம், ஆனால் எத்தனை பேர் நிறுத்தினார்கள்? 2019-ன் ஸ்வோர்ட், ஷீல்டில் நிறுத்தவே முடியாது. 2016-ன் சன், மூனில் முதல் சில மணி நேரம் யாராவது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டே போவார்கள். எதிரே நிற்பது முன்பு சந்தித்த பிராணி என்றால், எந்த அடி பலிக்கும் என்பதையும் திரையே சொல்லிவிடும்.

தோற்றால் பரவாயில்லை என்ற பழைய கருணையை எடுத்துவிட்டுத் தோற்கவே விடமாட்டேன் என்ற கருணையை வைத்துவிட்டார்கள். இரண்டும் ஒன்றல்ல. சைக்கிள் பழக்கும்போது பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவது ஒன்று, விடவே விடாமல் தெரு முழுக்கப் பிடித்துக்கொண்டே ஓடுவது இன்னொன்று.

நான் சிபாரிசு செய்யும் 2018-ன் லெட்ஸ் கோவிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. அது பழைய முதல் விளையாட்டின் கதைதான், அதே ஊர்கள், அதே பியேர், அதாவது ப்ராக். நான் நாலைந்து நாள் முட்டி மோதிய அந்த ஜிம் வாசலில் இப்போது ஒரு ஆள் நிற்கிறார். செடி வகையோ தண்ணீர் வகையோ ஒரு பிராணியைக் காட்டினால்தான் உள்ளே விடுவார். கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வரச் சொல்வது மாதிரி. அந்த ஆளைப் பார்த்து எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

அப்படியிருந்தும் ஏன் அதையே சொல்கிறேன்? ஒரே காரணம், இரண்டாவது ஜாய்கான், அதாவது ஸ்விட்சின் பக்கத்திலிருந்து கழற்றிக் கையில் பிடித்து ஆடும் சின்னக் கண்ட்ரோலர். விளையாட்டின் நடுவில் எப்போது வேண்டுமானாலும் நீங்கள் இன்னொரு ஜாய்கானை எடுத்து ஒரு ஆட்டு ஆட்டினால் திரையில் இரண்டாவது ஆளாக வந்துவிடலாம். ஒருவருக்கு ஒரு ஜாய்கான் போதும், ஸ்விட்சோடு வரும் ஜோடியே இரண்டு பேருக்கு ஆகும். 'ஸ்விட்ச் லைட்' என்ற சின்ன மாடலாக இருந்தால் மட்டும் ஜாய்கான் தனியாக வாங்க வேண்டும், முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் பந்தை எறிந்தால் பிடிபட வாய்ப்பு அதிகம். ஒருசில அரிய பிராணிகளைத் தவிர, காட்டுப் பிராணிகளோடு சண்டை கிடையாது, கையை வீசிப் பந்து எறிவதுதான். டிவியில் போட்டு ஆடினால் வீடே கூடிவிடும். விளையாட்டில் தமிழ் கிடையாது, ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். 9 வயதுக்கு அது கஷ்டமில்லை, நான் பிரெஞ்சில் ஆடினேன்.

உங்களுக்கு ஒரே வேண்டுகோள், பக்கத்தில் உட்காருங்கள், விடை சொல்லாதீர்கள். அவள் தப்பான பிராணியை அனுப்பினால் அனுப்பட்டும். யூடியூபில் பார்த்து ஆடவும் விடாதீர்கள். பிராணிகளுக்கு அவளே பெயர் வைக்கட்டும், அதில்தான் பாதி சுகம்.

கேசட்டாக வாங்குவது நல்லது. முடித்த பிறகு இன்னொருவரிடம் மாற்றிக்கொள்ளலாம், இந்தத் தொடரின் கேசட்டுகளுக்குப் பழையதிலும் நல்ல விலை நிற்கும். போன் விளையாட்டுகள் மாதிரி நடுவில் வைரம் வாங்கு, ரத்தினம் வாங்கு என்ற தொல்லை இதில் இல்லை.

அதை முடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்றால் ஸ்வோர்ட் அல்லது ஷீல்ட். 2022-ன் ஸ்கார்லெட், வயலெட்டை முதல் விளையாட்டாக வாங்க வேண்டாம். எந்தத் திசையிலும் போகலாம் என்று திறந்துவிட்டிருக்கிறார்கள், ஆனால் எதிரிகளின் லெவல் உங்களுக்கு ஏற்ப மாறாது. புதிதாக வருகிறவர் தெரியாமல் மலைக்கு அந்தப் பக்கம் போனால் அடி வாங்கி, எங்கே தப்பு செய்தோம் என்றே புரியாமல் நிற்பார். படமும் அங்கங்கே திக்கும். பெரியவர்களுக்கு நல்ல விளையாட்டு, மறுக்கவில்லை. இது குழந்தைத்தனம் என்று உங்கள் தம்பி கேலி செய்தால் அவரிடம் 'நஸ்லாக்' முறையில் ஆடச் சொல்லுங்கள்: ஒவ்வொரு இடத்திலும் முதலில் எதிர்ப்படும் ஒன்றைத்தான் பிடிக்கலாம், மயங்கி விழுந்த பிராணி செத்ததாகக் கணக்கு. ரசிகர்கள் தாங்களாகவே போட்டுக்கொண்ட விதி அது. மூன்றாவது ஜிம்முக்குள் அவர் வாயடைத்துவிடுவார்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் மறக்காமல் செய்யுங்கள். லெட்ஸ் கோவில் ஒரு யூசருக்கு ஒரே ஒரு சேவ்தான், அதாவது ஒரே ஒரு ஆட்டத்தைத்தான் சேமித்து வைக்கலாம். ஸ்விட்சில் மகளுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று தனித்தனி யூசர் போட்டுக்கொடுங்கள். 2003-ல் என் தங்கை, நான் ட்யூஷனுக்குப் போயிருந்தபோது, என் கேசட்டில் புதிதாக ஆரம்பித்து அரை மணி நேரம் ஆடிவிட்டு சேவ் கொடுத்தாள். பழையது அழிந்துவிடும், பரவாயில்லையா என்று விளையாட்டு கேட்டிருக்கிறது, பிரெஞ்சில். அவள் ஏ பட்டனை அழுத்தினாள். அலகசாம், உருமாறிய சலமேஷ், எல்லாம் போயிற்று. இன்றைக்குக் கேட்டாலும், "எனக்கு என்ன தெரியும், நீதானே பிரெஞ்சு தெரிஞ்ச மாதிரி பேசிக்கிட்டிருந்தே" என்பாள்.